சொந்த விமானம் வாங்கிய பம்பாய் வாலிபர்

கையில் நாலு காசு சேர்ந்தால் மனிதனுக்கு ஆசை பிறக்கும். சைக்கிளில் போகிறவர் மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பார். மோட்டார் சைக்கிளில் போகிறவர் காருக்கு ஆசைப்படுவார். கார் வைத்திருப்பவர்?

ஆகாய விமானம் வாங்க ஆசைப்படுகிறவரும் உண்டு!

ஓசூரில் இருந்து தளிக்குப் போகும் ரோட்டில் பெலகொண்டப்பள்ளி என்று ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் வயல்கள், நடுவே விமானம் ஓடி ஏறும் நீண்ட தார்ப்பாதை. 1990-களில், தனேஜா என்ற கம்பெனி இந்த இடத்தில் சிறிய விமானங்களைச் செய்தது. அது இத்தாலி நாட்டு மாதிரி. இரண்டு எஞ்சின்கள். ஆறு பேர் உட்காரலாம்.

இப்படிப்பட்ட சிறு விமானம் ஒன்றை வாங்குவதென்றால் நிறைய யோசிக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம்? ஒரு தடவை பெட்ரோல் போட்டால் எவ்வளவு தூரம் போகும்? எவ்வளவு இடம் இருந்தால் இறங்கும்? பழுது பார்க்க ஆள் கிடைப்பாரா?

இதே கேள்விகளைச் சுமார் 95 ஆண்டுகளுக்கு முன்பு பம்பாயில் ஒரு வாலிபர் யோசித்தார். தமக்கென்று ஒரு விமானம் வாங்கினார். அந்த ஆசை பிறகு எங்கெங்கோ போயிற்று. அவர்தான் ஜே. ஆர். டி. டாட்டா.

பாரீசில் பிறந்தவர்

ஜே. ஆர். டி. டாட்டாவின் முழுப்பெயர் ஜெகாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, பிரான்சு நாட்டின் தலைநகரான பாரீசில் பிறந்தார்.

தகப்பனார் ஆர். டி. டாட்டா, பார்சி வகுப்பைச் சேர்ந்தவர். டாட்டா தொழில்களைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு நெருங்கிய உறவினர். தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. அவருடைய பெயர் சூசன். கல்யாணத்துக்குப் பிறகு சூனி என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

ஐந்து குழந்தைகளில் ஜே. ஆர். டி. இரண்டாவது பிள்ளை. தகப்பனார் தொழிலுக்காக ஊர் ஊராகப் போவார். அதனால் பிள்ளையின் படிப்பும் ஊர் ஊராக நடந்தது. பாரீசில் கொஞ்சம், பம்பாயில் கொஞ்சம், ஜப்பானில் கொஞ்சம் என்று படித்தார்.

கடற்கரையில் கண்ட விமானம்

கோடைக் காலத்தில் குடும்பம் முழுவதும் பிரான்சின் வடக்கே உள்ள ஆர்தெலோ என்ற கடற்கரை ஊருக்குப் போகும். அங்கே அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது.

அதே ஊரில் இன்னொரு வீடும் இருந்தது. அது லூயி பிளேரியோவின் வீடு. 1909-ம் ஆண்டில் முதன்முதலாக விமானத்தில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டியவர் அவரே. அவருடைய விமானங்கள் அந்தக் கடற்கரை மணலில் இறங்கும், ஏறும்.

சிறுவன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். மற்றப் பிள்ளைகள் மணலில் வீடு கட்டினார்கள். இவன் வானத்தில் வீடு கட்டினான்!

15-வது வயதில் அந்த ஊரிலேயே ஒரு விமானத்தில் சவாரி போனார். பறந்தது கொஞ்ச நேரம்தான். இறங்கும்போதே, ஒருநாள் தாமே விமானம் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டார். அதற்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கல்லூரி வாசலை மிதிக்கவில்லை

1923-ல் தாயார் காலமானார். பிறகு ஜே. ஆர். டி. பிரெஞ்சு சட்டப்படி ஓராண்டு ராணுவத்தில் சேர்ந்தார். குதிரைப் படையில் வேலை. அங்கேயே நீடிக்க விரும்பினார். தகப்பனார் சம்மதிக்கவில்லை. அவர் விட்டுவந்த படைப்பிரிவு பிறகு மொராக்கோ நாட்டுச் சண்டையில் அழிந்துபோயிற்று.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எஞ்சினீயரிங் படிக்க வேண்டும் என்று அடுத்த ஆசை. அதற்கும் தகப்பனார் இடம் கொடுக்கவில்லை. உடனே பம்பாய்க்கு வந்து தொழில் பழகும்படி உத்தரவு போட்டார். 1925-ம் ஆண்டு டிசம்பரில், சம்பளம் இல்லாத பயிற்சியாளராக டாட்டா கம்பெனியில் சேர்ந்தார்.

கல்லூரியில் படிக்கவில்லையே என்ற குறை ஜே. ஆர். டி.க்குக் கடைசி வரையில் இருந்தது. அந்தக் குறையைப் போக்க ராத்திரியில் கண்விழித்துப் புத்தகங்களைப் படித்தார்.

சொத்தும் வந்தது, கடனும் வந்தது

1926-ல் இடி விழுந்தது. தகப்பனார் பாரீசில் காலமானார். அப்போது ஜே. ஆர். டி.க்கு வயது 22.

டாட்டா சன்ஸ் கம்பெனியில் டைரக்டர் பதவி அவருக்கு வந்தது. ஊரார் பெரிய சொத்துக்காரர் ஆகிவிட்டார் என்று நினைத்தார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறாக இருந்தது. தகப்பனார் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய கடன் ஏராளமாக இருந்தது. டாட்டா இரும்புத் தொழிற்சாலை கஷ்டப்பட்ட காலம் அது.

வாலிபர் தயங்கவில்லை. பம்பாயில் இருந்த வீட்டை விற்றார். பூனாவில் இருந்த வீட்டை விற்றார். விமானத்தை முதன்முதலில் பார்த்தாரே, அந்த ஆர்தெலோ கடற்கரை வீடு? அதையும் விற்றார்! கடனை அடைத்தார். உடன்பிறந்த நான்கு பேரையும் கவனிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

தகப்பனார் வைத்துப் போன சொத்தை விட்டுவிட்டார். தகப்பனார் வைத்துப் போன பேரைக் காப்பாற்றினார்.

முதல் லைசென்சு

1928-ல் பம்பாயில் விமானம் ஓட்டும் சங்கம் தொடங்கினார்கள். ஜூகுவில் மைதானம். செய்தி தெரிந்ததும் ஜே. ஆர். டி. ஓடிப்போய்ச் சேர்ந்தார்.

ஆசிரியர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்தது 4 மணி நேரம்கூட இல்லை. அதற்குள் தன்னந்தனியாக விமானம் ஓட்டத் தயாராகிவிட்டார். 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அவருக்கு லைசென்சு கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்சு அதுவே. அதன் நம்பர் 1!

அதே ஆண்டில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார்.

எந்த விமானம் வாங்குவது?

லைசென்சு வந்துவிட்டது. இனிச் சொந்த விமானம் வேண்டும். எதை வாங்குவது?

அந்தக் காலத்தில் தனி மனிதர்கள் விரும்பி வாங்கிய விமானம் ஜிப்சி மாத். இங்கிலாந்தில் டி ஹாவிலண்டு கம்பெனி செய்தது. விலை 650 பவுன். அன்றைய கணக்கில் சுமார் 8,700 ரூபாய். இங்கிலாந்து இளவரசர் எட்வர்டும் ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானம் அது. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். தலைக்கு மேல் கூரை கிடையாது. மழை பெய்தால் நனைய வேண்டும். வெயில் அடித்தால் காய வேண்டும்.

ஆனாலும் அதில் பல வசதிகள் இருந்தன. இறக்கைகளைப் பின்பக்கமாக மடித்துக் கொட்டகையில் நிறுத்தலாம். சின்ன மைதானத்தில் இறங்கலாம். எஞ்சின் எளிமையானது, காற்றிலேயே குளிரும். மோட்டார் எஞ்சினைப் பற்றித் தெரிந்த ஆள் பழுது பார்த்துவிடலாம். மணிக்கு 85 மைல் வேகத்தில் பறக்கும். ஒரு தடவை பெட்ரோல் நிரப்பினால் சுமார் 300 மைல் போகும்.

ஜே. ஆர். டி. ஜிப்சி மாத் விமானத்தையே தேர்ந்தெடுத்தார். ஒருவர் ஆசை தீரப் பறப்பதற்கு அது போதும்.

போட்டியில் தோற்றார்

அந்தச் சமயத்தில் ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. குறிப்பிட்ட காலத்துக்குள் போய்ச்சேர வேண்டும்.

மூன்று பேர் முன்வந்தார்கள். மன்மோகன் சிங், அஸ்பி எஞ்சினீயர், ஜே. ஆர். டி. டாட்டா. இவர்களில் அஸ்பிக்கு வயது 17 தான்!

1930-ம் ஆண்டு போட்டி நடந்தது. அஸ்பி லண்டனில் இருந்து கராச்சியை நோக்கிப் புறப்பட்டார். ஜே. ஆர். டி. கராச்சியில் இருந்து லண்டனை நோக்கிப் புறப்பட்டார்.

எகிப்து நாட்டில் அபுகீர் என்ற இடத்தில் ஜே. ஆர். டி. இறங்கினார். அங்கே அஸ்பியின் விமானம் நின்றுகொண்டிருந்தது. எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக்கு கெட்டுவிட்டது. அஸ்பியிடம் மாற்று பிளக்கு இல்லை. பையன் தவித்துக்கொண்டிருந்தான்.

பிளக்கு கொடுத்தால் அஸ்பி பறந்துவிடுவார். கொடுக்காவிட்டால் போட்டியில் ஓர் ஆள் குறையும். ஜே. ஆர். டி. யோசிக்கவே இல்லை. தம்மிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு திசையில் பறந்தார்கள்.

அஸ்பி முந்திக்கொண்டார். சொற்ப நேர வித்தியாசத்தில் ஜே. ஆர். டி. தோற்றார். மன்மோகன் சிங் கெடு தாண்டி வந்ததால் அவருக்கும் பரிசு கிடைக்கவில்லை.

பரிசு வாங்கிய அஸ்பி பின்னாளில் இந்திய விமானப் படைக்கே தளபதி ஆனார். 1960 முதல் 1964 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அதே 1930-ம் ஆண்டு டிசம்பரில் ஜே. ஆர். டி.க்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் தெல்மா.

கடிதம் சுமக்கும் யோசனை

நெவில் வின்சென்ட் என்பவர் ஆங்கிலேய விமானப் படையில் இருந்து விலகியவர். இந்தியாவில் ஊர் ஊராகப் போய் விமான சவாரி காட்டிக்கொண்டிருந்தார். அவர் டாட்டா கம்பெனிக்கு ஒரு யோசனை சொன்னார்.

லண்டனில் இருந்து கராச்சி வரைக்கும் விமானத்தில் தபால் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயிலில் சுற்றிக்கொண்டு வரும். கராச்சியில் இருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு விமானத்திலேயே கொண்டுவந்தால் என்ன? இதுதான் யோசனை.

ஜே. ஆர். டி. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கம்பெனித் தலைவர் தோராப்ஜி டாட்டாவுக்குத் தயக்கம். 2 லட்சம் ரூபாய் முதல் போட வேண்டும். லாபம் வரும் என்பது நிச்சயம் இல்லை. பீட்டர்சன் என்ற மூத்த அதிகாரி எடுத்துச் சொன்ன பிறகு அவர் சம்மதித்தார்.

அடுத்து, அரசாங்கம் தயங்கியது. மனுவுக்கு மேல் மனு போயிற்று. சுமார் மூன்று ஆண்டுகள் ஓடின. உதவிப் பணம் எதுவும் கேட்பதில்லை என்று டாட்டா கம்பெனி ஒப்புக்கொண்டது. கடைசியில் 1932-ல் ஒப்பந்தம் ஆயிற்று. பணம் கொடுத்த தோராப்ஜி அதே ஆண்டு ஜூனில் காலமானார். விமானம் பறந்ததை அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது தேர்வு

இந்த வேலைக்கு எந்த விமானம்? பழைய ஜிப்சி மாத் சரிப்படாது. தபால் மூட்டை நனையக் கூடாது. விமானி தினந்தோறும் வெயிலிலும் காற்றிலும் அடிபட முடியாது. முன்பு பார்த்தது ஒருவருடைய ஆசை. இப்போது பார்க்க வேண்டியது ஆயிரம் பேருடைய கடிதம்!

அதே கம்பெனி செய்த பஸ் மாத் என்ற விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே இறக்கை, அது மேலே இருக்கும். விமானி மூடிய அறைக்குள் உட்காரலாம். மணிக்கு சுமார் 100 மைல் வேகம். இரண்டு விமானங்கள் வாங்கப்பட்டன.

1932 அக்டோபர் 15

அன்று அதிகாலை. கராச்சி விமான நிலையம். ஜே. ஆர். டி. தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். ரேடியோ கிடையாது. தேசப்படமும் திசை காட்டும் கருவியும்தான் துணை.

ஆமதாபாத்தில் இறங்கினார். விமானத்துக்குப் பெட்ரோல் வேண்டும். அது எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! டின் டின்னாக ஏற்றி வந்து ஊற்றினார்கள். மாட்டு வண்டியும் ஆகாய விமானமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

பிற்பகலில் பம்பாய் ஜூகு மைதானத்தில் இறங்கினார். மனைவி தெல்மா காத்திருந்தார். சென்னைத் தபாலை மற்றொரு விமானத்துக்கு மாற்றினார்கள். அதை வின்சென்ட் ஓட்டினார். ராத்திரி பெல்லாரியில் தங்கினார். அப்போது பெல்லாரி சென்னை மாகாணத்தில் இருந்தது. மறுநாள் தபால் சென்னை வந்து சேர்ந்தது.

இப்படித்தான் இந்தியாவில் டாட்டா விமானத் தபால் தொடங்கியது.

சேற்று மைதானம்

கம்பெனி பெரியது என்று நினைக்க வேண்டாம். விமானிகள் மூன்று பேர். மெக்கானிக்குகள் மூன்று பேர். ஜூகு மைதானம் மழைக் காலத்தில் கடல்நீரும் சேறுமாகக் கிடக்கும். அப்போது பூனாவுக்கு மாறிவிடுவார்கள்.

அப்படியும் முதல் ஆண்டில் 1 லட்சத்து 60 ஆயிரம் மைல் பறந்தார்கள். 155 பயணிகளை ஏற்றினார்கள். 60 ஆயிரம் ரூபாய் லாபம் வந்தது. ஒருநாள்கூட தபால் தாமதம் ஆகவில்லை. 1938-ல் கொழும்பு வரைக்கும் விமானம் போயிற்று. அதே ஆண்டில், 34-வது வயதில், ஜே. ஆர். டி. டாட்டா கம்பெனிகளின் தலைவர் ஆனார்.

இந்தப் பாதையில் ரோஜாப்பூ மட்டும் இல்லை, முள்ளும் இருந்தது. தம்பி ஜிம்மி 1936-ல் விமான விபத்தில் மாண்டார். யோசனை சொன்ன வின்சென்ட் 1942-ல், போர்க்காலத்தில், விமானத்தோடு மறைந்தார். ஜே. ஆர். டி. இரண்டு துக்கத்தையும் மனதில் புதைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

கைவிட்டுப் போயிற்று

1946-ல் கம்பெனிக்கு ஏர் இந்தியா என்று பெயர் வந்தது. 1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி பம்பாயில் இருந்து லண்டனுக்கு முதல் விமானம் பறந்தது.

1953-ல் அரசாங்கம் எல்லா விமானக் கம்பெனிகளையும் எடுத்துக்கொண்டது. ஜே. ஆர். டி.க்கு அதில் இஷ்டம் இல்லை, மிகவும் வருந்தினார். ஆனாலும் ஏர் இந்தியா தலைவர் பதவியை ஏற்கும்படி அரசாங்கம் கேட்டபோது மறுக்கவில்லை. 25 ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் அந்த வேலையைப் பார்த்தார்.

விமானத்தில் ஏறினால் சும்மா உட்கார மாட்டார். திரைச்சீலை அழுக்காக இருக்கிறதா? கக்கூசு சுத்தமா? தேநீர் சுவையாக இருக்கிறதா? எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பு எழுதுவார். தாம் முதலாளியாக இருந்தபோது எப்படிக் கவனித்தாரோ, அப்படியே பிறர் பொருளாக ஆன பிறகும் கவனித்தார்.

1978-ல் அரசாங்கம் அவரைத் தலைவர் பதவியில் இருந்து நீக்கியது. பெற்ற பிள்ளையைப் பிரிந்தது போல இருந்தது. 1980-ல் மறுபடி டைரக்டர் குழுவில் சேர்க்கப்பட்டார்.

78 வயதில் பறந்தார்

1982-ம் ஆண்டு அக்டோபர் 15. முதல் தபால் பறந்து சரியாக 50 ஆண்டுகள். அன்று ஜே. ஆர். டி.க்கு வயது 78. பழைய காலத்து லெப்பர்டு மாத் விமானம் ஒன்றில் ஏறினார். கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். கரவொலி வானைப் பிளந்தது!

1992-ல் பாரத ரத்னா பட்டம் கிடைத்தது. 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஜெனீவா நகரில் காலமானார். பிறந்த பாரீசிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்து 28 ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில், ஏர் இந்தியா மறுபடி டாட்டா கம்பெனிக்கு வந்து சேர்ந்தது.

ஓசூர் கடிகாரம்

இவருக்கும் ஓசூருக்கும் என்ன சம்பந்தம்?

ஏர் இந்தியா விமானம் சரியான நேரத்துக்கு வரும் என்று ஒரு காலத்தில் பேர். ஜெனீவாவில் அந்த விமானம் இறங்குவதைப் பார்த்தே மணி சொல்வார்கள் என்று ஒரு கதை உண்டு. முதல் ஆண்டில் ஒருநாளும் தவறாமல் தபால் கொண்டுவந்தவர்களின் பழக்கம் அது.

அவர் டாட்டா கம்பெனிகளின் தலைவராக இருந்த காலத்தில், 1984-ல், தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் டாட்டாவும் சேர்ந்து டைட்டன் கடிகாரக் கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஓசூர். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடித்து அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். மண்வெட்டி பிடித்த குடும்பத்துக் கைகள் மயிரிழை போன்ற கடிகார முள்ளைப் பொருத்தின.

ஜே. ஆர். டி. ஆசைக்கு ஒரு விமானம் வாங்கினார். அதில் அவர் ஒருவர் பறந்தார். பிறகு வேலைக்கு ஒரு விமானம் வாங்கினார். அதில் ஊராருடைய கடிதங்கள் பறந்தன. வெளிநாட்டில் இருந்த மகனுடைய கடிதத்துக்காகக் காத்திருந்த சென்னைத் தாய்க்கு, அந்த விமானத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் கடிதம் சீக்கிரம் கைக்கு வந்தது.

முதல் விமானம் அவருக்கு மகிழ்ச்சி தந்தது. இரண்டாவது விமானம் அவருக்குப் பேர் தந்தது.